பன்மை விகுதி

மழை பெய்தால்தான் அணைகிறது என்றார் ஓடெகார்ட்.
நாங்கள் போன மூன்று தடவையும்
துலூத் நகரத்து வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு.
வண்டியின் தூக்குக் கூடையில் ஏறி நின்று பார்த்தேன்.
ஹார்பர் லேன்ஸ்.
கடைசி எஸ் வரைக்கும் பளிச்சென்று எரிந்தது,
டாக்டர் வாசலில் காணாமல் போகும் பல்வலி போல.
"நீங்கள் கிளம்பினதும் பாருங்கள்."
கிளம்பினோம். தூறியது. போன் வந்தது.

உள்ளே அவரிடம் பதினாறு பாதை இருக்கிறது,
எண்ணெய் தடவி மினுக்கிய பதினாறு.
வெளியே பலகை சொல்கிறது, ஒன்றுதான் என்று.
ஒரு 'கள்' போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம்.
வங்கிக்குத் தவணை கட்டுகிறவர் கேட்கமாட்டார்.

நாலாம் தடவை
வாலஸ் டிஃபோ மழையாக நடித்தான்.
செடிக்குத் தெளிக்கும் பாட்டிலோடு கூடையில் நின்று
எல் மேல் தூறினான். ஏ மேல் தூறினான்.
என்னுக்கும் ஈக்கும் நல்ல சாரல்.
எஸ் தலையில் இரண்டே சொட்டு,
டப்.
அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தன் கெட்டவார்த்தை சொல்லி
நான் கேட்டதில்லை.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினான்.
தேங்கிக் கிடந்த தண்ணீர் மணிக்கட்டில் நுழைந்து
அக்குள் வரை போனது,
அக்டோபரில், சுப்பீரியர் ஏரிக் காற்றில்.
தகரப் பெட்டியின் அடியில் ஒரு துளை போடவேண்டும்.
கால் அங்குலம். அரை நிமிட வேலை.
போடாமல் போனவன் யாரென்று தெரியாது.
எஸ்ஸுக்கு மட்டும் ஏன் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்தான்,
அதுவும் தெரியாது.
உள்பக்கம் பென்சிலில் தேதி எழுதிவைத்திருந்தான்.
கையெழுத்து அவ்வளவு அழகு.
அதுதான் இன்னும் எரிச்சல்.
கண்ணாடிக் குழாயின் அடியில்
முடி போல ஒரு விரிசல்.

பட்டறையில் எஸ்ஸைத் திருப்பிப்போட்டு வரைந்தேன்.
எழுத்தை நாங்கள் முதுகுப் பக்கம் இருந்துதான் வளைக்கிறோம்.
ஒரு முனையில் தக்கை,
மறுமுனையில் ரப்பர் குழல், குழல் நுனி என் பல்லிடுக்கில்.
தீயில் கண்ணாடி இளகித் தொங்கும்,
கம்பிப் பதம்.
தாண்டினால் போச்சு.
எடுத்து, படத்தின்மேல் இறக்கி, வளைத்து,
வளைவு ஒடுங்குவதற்குள் ஊதவேண்டும்.
கூடினால் கழலை. குறைந்தால் நசுங்கின ஸ்ட்ரா.

முதல் எஸ்ஸுக்குக் கழலை.
இரண்டாவது நன்றாக வந்து, ஆறும்போது
யாரோ நாக்குச் சப்புக்கொட்டினது போல 'டிக்' என்றது.
மூன்றாவது ஏறக்குறைய எட்டு.
நாலாவதை மேசையில் விட்டுவிட்டுக் காப்பிக்குப் போனேன்,
பார்த்துக்கொண்டே இருந்தால் கெட்டுவிடும் என்று.

அப்புறம் பம்பு.
வளைவைத் தாங்கிப் பிடித்த என் மூச்சை
ஒரு பொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சி எடுக்கவேண்டும்.
இருந்தால் நிறம் கெடும்.
வடிவம் இருக்கலாம்,
ஊதினவள் இருக்கக் கூடாது.
அதன் பிறகுதான் நியான், அந்தச் சிவப்பு.

வெள்ளிக்கிழமை மாட்டினோம்.
அடியில் துளை போட்டேன். கோபத்தில் இரண்டு.
ஓடெகார்ட் எதிர்ச்சாரிக்குப் போய்
தலையைச் சாய்த்து வெகுநேரம் நின்றார்.
"எஸ் ரொம்ப நன்றாக இருக்கிறது.
மற்றதெல்லாம் ஏன் மங்கலாகத் தெரிகிறது?"

பதினோரு வருஷத்துப் புகை,
பனிக்காலச் சாலை உப்பு, வறுத்த வெங்காயம்.
வாலஸ் என்னைப் பார்த்தான்.
நான் சாவியைப் பார்த்தேன்.
அவன் துணியை எடுத்தான்.
பத்து எழுத்து.
இதற்கு எங்கள் பில்லில் வரி கிடையாது.

இருட்டித்தான் கிளம்பினோம்.
பக்கக் கண்ணாடியில் எழுத்தெல்லாம் திரும்பிக் கிடந்தன,
என் மேசையில் கிடந்த அதே முதுகு,
எரிந்துகொண்டு.
சிக்னலில் நின்றபோது
முன்கண்ணாடியில் ஒரு சொட்டு. இன்னொன்று.
வாலஸ் வைப்பரைப் போடவில்லை.
நான் போனை எடுத்து
டாஷ்போர்டின்மேல் கவிழ்த்து வைத்தேன்.